ஆற்றங்கரை ஊருக்கு வரலாறு எழுத, கிணற்றிலிருந்து தொடங்குங்கள்

சொந்த ஊரின் கதையை எழுத உட்கார்ந்தால் கை தானாக ராஜாவிடம் போகும். எனக்கும் போனது. எங்கள் ஊர் பாலக்காட்டுச் சித்தூருக்கும் மூலத்தறைக்கும் நடுவே ஆற்றை ஒட்டி இருக்கிறது. (பெயர் வேண்டாம். சொன்னால் தாத்தா பேர் விட்டுப்போச்சு என்று யாராவது சண்டைக்கு வருவார்கள்.) கொச்சி ராஜா, கொங்குப் படை என்று நாலு பக்கம் எழுதிப் படித்துப் பார்த்தால், அதில் எங்கள் ஊர் ஒரு வரிகூட இல்லை. கிழித்துப் போட்டேன்.

நான் முப்பது வருடமாக தண்ணீர் மோட்டாருக்குள் செம்புக் கம்பிச் சுருள் (காயில்) கட்டுகிறவன். யார் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர் என்பது மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரியும். சரி, அங்கிருந்தே தொடங்குவோம் என்று ஒரு நோட்டும் கல் கட்டிய கயிறும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நீங்களும் அப்படியே கிளம்பலாம்.

ஒவ்வொரு கிணற்றையும் நின்று பாருங்கள். எங்கள் ஊர்ப் பொதுக்கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு கருங்கல் இருக்கிறது. அதில் விரல் உள்ளே போகும் அளவுக்கு ஏழு பள்ளங்கள். கப்பி வருவதற்கு முன் பெண்கள் கயிற்றைக் கல்லின்மேல் போட்டு இழுத்த தடம் அது. தோட்டத்துக் கிணறுகளில் கவலை, அதாவது மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில், மாடு இறங்கிய சரிவு இன்னும் தெரிகிறது. ஒரு சரிவில் இப்போது கோழிக்கூண்டு. அதற்குப் பக்கத்தில் ஆயில் எஞ்சின் நின்ற மேடை, அடுத்து கரண்டு மோட்டார் ஷெட், கடைசியில் போர் குழாய். நாலையும் படம் வரைந்து, எது யார் காலத்தில் வந்தது என்று கேட்டு எழுதினாலே ஊரின் நூறு வருடம் வந்துவிடும்.

கேட்கும்போது இதையும் கேளுங்கள்: இந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று இருந்தது? ஒரு பெரியவர் சொன்னார், "குடத்தை வெச்சிட்டு தள்ளி நிப்போம். யாராச்சும் மனசு வெச்சு ஊத்தினா உண்டு." இதைப் போட வேண்டாம் என்று எனக்குச் சொன்னவர்கள் உண்டு. போட்டேன்.

அப்புறம் ஆறு. அதற்கு எத்தனை பெயர் என்று முதலில் சேகரியுங்கள். எங்களுக்குச் சித்தூர் ஆறு, கீழே கண்ணாடிப்புழை. சித்தூர் தெக்கேகிராமத்தில் மலையாளக் கவி எழுத்தச்சனின் குருமடத்தின் அருகே சோகநாசினி. ஆனைமலைப் பக்கமிருந்து வரும் இந்த ஆறு பறளியில் கல்பாத்திப் புழையோடு கலந்து பாரதப்புழை ஆகிறது. ஆற்றில் தண்ணீர் ஏன் சில மாதம் இருக்கிறது, சில மாதம் இல்லை என்பதையும் எழுத வேண்டும். எங்கள் விஷயத்தில் பாதி பதில் தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பங்கிட்டுக்கொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1970-இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் முதலே செல்லும் என்று வைத்துக்கொண்டது. மணக்கடவு அணைக்கட்டில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு என்பது கணக்கு. டீக்கடையில் அந்த 7.25 தெரியாத விவசாயி கிடையாது.

வருடங்களில்தான் கவனம் வேண்டும். நான் மாட்டிக்கொண்டது அதில்தான். ஒரு பாட்டி, "தொண்ணூத்தொன்பது வெள்ளத்துல இந்தத் திண்ணை வரைக்கும் தண்ணி"ன்னு எங்கம்மா சொல்லும் என்றார். 1999 என்று எழுதி, கோயில் நோன்பு மலரில் அச்சாகியும் விட்டது. 1999-இல் இந்த ஊரில் எந்த வெள்ளமும் இல்லை என்று சின்னப் பையன்கூடச் சிரித்தான். அது மலையாளிகள் கணக்கான கொல்லம் ஆண்டு 1099, கர்க்கடகம். நம் ஆடி, 1924. கணக்கு எளிது: கொல்லம் ஆண்டோடு 825 கூட்டுங்கள், ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய என்றால் 824. 2018 வெள்ளம் எங்கே ஏறியது என்பதை இப்போதே சுவரில் கோடு போட்டு வையுங்கள்.

காகிதத்துக்கு வருவோம். வில்லேஜ் ஆபீசுக்கு ஓடுமுன் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய ஆதாரங்களை, அதாவது நிலப் பத்திரங்களைக் கேட்டு வாங்குங்கள். மலையாளம் படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு விலையைவிட நான்கு அதிருகள் (எல்லைகள்) தான் பொன். கிழக்கே ஆறு, தெற்கே வண்டித்தடம், மேற்கே இன்னாருடைய பாட்ட (குத்தகை) நிலம் என்று போட்டிருக்கும். பத்து ஆதாரத்தின் அதிருகளை ஒரே தாளில் ஒட்டினால், இன்று இல்லாத பாதைகள் கண்முன் வரும். பரப்பு "பறை" என்ற தானிய அளவுக் கணக்கில் இருந்தால் பயப்பட வேண்டாம், அத்தனை பறை விதை விழும் நிலம் என்று பொருள். இன்னொன்று: சித்தூர் கொச்சி சமஸ்தானம், பக்கத்திலேயே பாலக்காடு மலபார், அதாவது மதராஸ். 1956 நவம்பர் 1 வரை இந்த இரண்டும் ஒரே மாநிலம் கிடையாது. ஆகவே பழைய காகிதம் எந்த ஊரில் தேடினால் கிடைக்கும் என்பது உங்கள் ஊர் எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பொறுத்தது.

ஆட்களைப் பற்றி எழுத ஆண்களிடம் மட்டும் போகாதீர்கள். அவர்கள் அரசியல் பேசுவார்கள். மருமகளாக வந்தவர்களிடம், எந்த ஊரிலிருந்து வந்தீங்க, எதில் வந்தீங்க என்று கேளுங்கள். எங்கள் தெருவில் பதினோரு பேரில் எட்டுப் பேர் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். ஒருவர் கல்யாணத்தன்று மாட்டுவண்டியில் ஆற்றைக் கடந்தபோது சக்கரம் மணலில் புதைந்து, மாப்பிள்ளையே இறங்கித் தள்ளினாராம். மாநில எல்லை எங்கே இருந்தாலும் பெண் எடுக்கும் எல்லை எது என்று அதில் தெரியும். சித்தூரில் கும்ப மாதம், கொங்குப் படையோடு நடந்த போரை நடித்துக் காட்டும் கொங்கன்படைத் திருவிழா நடக்கும்போது, தோற்றுப்போன கொங்குப் படையை எங்கள் வீட்டுப் பெண்கள் தேங்காய் பழத்தோடு போய்ப் பார்க்கிறார்கள். அதையும் சேர்த்துக்கொண்டேன்.

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்காமல் டீக்கடையில் உரக்கப் படியுங்கள். நான் படித்தபோது கள்ளு இறக்குகிற ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு, "பனை எங்கீங்க?" என்றார். நாற்பது பக்கத்தில் ஒரு பனைமரம்கூட இல்லை. மறுநாள் காலை அவரோடு தோட்டத்துக்குப் போனேன்.