உங்கள் ஊரில் ஒரு மரபு நடை நடத்துவது எப்படி? எல்லையோர ஊர்க்காரர்களுக்கான செய்முறை

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், அதாவது மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்தில் இருப்பவர்களுக்குப் பழமையைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிதறால் மலைக்கோயில், பார்த்திவசேகரபுரம், திருநந்திக்கரைக் குடைவரை, பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை என்று எல்லாமே ஒரு காலை நேரத்துக்குள் போய்த் திரும்பக்கூடிய இடங்கள். வெளியூர்ப் பயணிகள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். அடிவாரத்திலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாறையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம். பட்டம் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. முதல்முறையாக ஒரு மரபு நடை, அதாவது ஊராரைப் பழைய இடமொன்றுக்கு நடத்திக் கூட்டிப்போய் அதன் வரலாற்றைச் சொல்லும் நிகழ்ச்சி, நடத்த நினைப்பவருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாகச் சிதறாலை வைத்துக்கொள்கிறேன். செங்கோட்டை, வாளையாறு, திருத்தணிப் பக்கம் இருப்பவர்கள் இடத்தை மாற்றிக்கொண்டால் போதும், முறை ஒன்றுதான்.

1. ஒரே ஓர் இடம்

மாவட்ட வரலாறு முழுவதையும் ஒரே நாளில் காட்ட ஆசைப்படாதீர்கள். ஓர் இடம், அதில் நின்று பார்க்க ஐந்தாறு புள்ளிகள், இரண்டு மணி நேரம். இதற்கு மேல் போனால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள், பெரியவர்களுக்கு முட்டி வலிக்கும்.

2. சான்றுகளைச் சேர்ப்பது

நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போக வேண்டும். நடையில் நீங்கள் சொல்லப்போகும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் மூன்றில் ஒன்று இருக்க வேண்டும்: கல், காகிதம், வாய்மொழி. மூன்றும் இல்லாத வரியைச் சொல்லாதீர்கள், எவ்வளவு சுவையாக இருந்தாலும்.

கல் என்றால் கல்வெட்டு, சிற்பம், கட்டடம். சிதறாலில் பாறையில் வரிசையாகச் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டும் உண்டு. இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மரபு மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி பட்டாரரின் மாணவியான குணந்தாங்கிக் குரத்திகள் (குரத்தி என்றால் சமணப் பெண் துறவி), திருச்சாரணத்துப் பட்டாரியாருக்குப் பொன்னணி கொடுத்ததை அது சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு பெண் துறவி, அவர் பெயர், அவருடைய ஆசிரியர் பெயர், அவர் கொடுத்த கொடை என எல்லாம் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. கூட்டத்தை அதன் முன் நிறுத்தி இந்த ஒன்றை மட்டும் பொறுமையாகச் சொன்னாலே வந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

வட்டெழுத்து படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். தமிழ்நாடு தொல்லியல் துறை கன்னியாகுமரி மாவட்டக் கல்வெட்டுகளைப் படித்துத் தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. அதற்கு முன்பே கோபிநாத ராவ் தொடங்கிவைத்த திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசை இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடினால் பழைய நூல்கள் பல இலவசமாகவே கிடைக்கும். அச்சில் வந்த வாசகத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போய், கல்லின் முன்னால் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

காகிதம் தேடும்போது எல்லைக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்தந்தக் காலத்தில் உங்கள் ஊர் எந்த ஆட்சியில் இருந்தது? கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து, 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தன. செங்கோட்டையும் அதே நாளில்தான் வந்தது. அதற்கு முந்தைய அரசு ஆவணங்களைத் தேடித் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியிருக்கும். வீடுகளில் கிடைக்கும் பழைய நிலப் பத்திரங்களில் பல மலையாளத்தில் இருக்கும். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, ஆகவே அங்கே தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒருவரின் துணை தேவைப்படும்.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களிலும் பல கல்வெட்டுகளிலும் கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக மாற்ற, ஆவணி தொடங்கி மார்கழி நடு வரை உள்ள தேதியானால் 824ஐக் கூட்டுங்கள், அதன்பின் ஆடி முடியும் வரை 825. கேரளத்தில் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று இன்றும் சொல்கிறார்களே, அது கொல்லம் 1099 ஆடியில் வந்தது. 825ஐக் கூட்டினால் 1924.

3. பெரியவர்களிடம் கேட்பது

வாய்மொழிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். கல்வெட்டு இன்னும் நூறு வருஷம் இருக்கும், எண்பது வயதுக்காரர் சொல்லும் செய்திக்கு அந்த அவகாசம் இல்லை.

போனதும் “ஊர் வரலாறு சொல்லுங்க” என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். “பாட்டா, சின்ன வயசில மலைக்கோயிலுக்கு எந்த வழியாப் போவீங்க? கூட யாரெல்லாம் வருவாங்க? திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு யாரு பாடுவா?” ஒரு வழியைப் பற்றிக் கேட்டால் அந்த வழியில் இருந்த சுமைதாங்கிக் கல், இடிந்துபோன வழியம்பலம், சானல் (பாசனக் கால்வாய்) வெட்டுவதற்கு முன்னால் இருந்த குளம் என்று ஒவ்வொன்றாக வரும். பாட்டிமாரிடம் தனியே கேளுங்கள். ஆண்கள் கூட இருந்தால் அவர்கள்தான் பேசுவார்கள்.

போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள், நடுவில் அழைப்பு வந்து கெடுக்காது. பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர், வயது ஆகியவற்றைச் சொல்லுங்கள். இதை மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று கேட்டு, அவர் தரும் பதிலும் பதிவில் இருக்கட்டும். கோப்புக்குத் தேதியையும் பெயரையும் சேர்த்துப் பெயரிடுங்கள். ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிட வேண்டும். அது அவர்களுக்குச் சேர வேண்டியது.

4. வலிக்கும் வரலாறு

எங்கள் மண்ணில் தோள்சீலைப் போராட்டம் நடந்தது. மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டு, 1859இல் அரச அறிவிப்பு வந்த வரலாறு அது. தமிழகத்தோடு இணையக் கேட்ட போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது. இவற்றில் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டு அரண்மனை அழகை மட்டும் பேசுவது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் சொல்லும் விதம் முக்கியம். அந்தக் குடும்பத்தாரோ சமூகத்தாரோ ஒருவர் முன்வந்தால் அவரே பேசட்டும், நீங்கள் ஆண்டையும் ஆவணத்தையும் மட்டும் சொல்லுங்கள். சாதிப் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அந்தச் சமூகத்தார் தங்களை எப்படி அழைக்கிறார்களோ அப்படியே சொல்லுங்கள். இன்று எதிரே நிற்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். மலையாளம் பேசுகிறவர்களும் நடைக்கு வருவார்கள், வரவேண்டும். 1956க்கு முந்தைய வரலாறு இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது.

5. அனுமதி

சிதறால் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். நடந்து போய்ப் பார்த்துப் பேசுவது வேறு, நிகழ்ச்சி நடத்துவது வேறு. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் கூட்டமோ விழாவோ நடத்த முன் அனுமதி வேண்டும் என்று 1959ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆகவே மைக், பந்தல், பேனர் எதுவும் வேண்டாம். அப்படியே சிறு குழுவானாலும் அங்குள்ள பணியாளரிடம் முந்தின வாரமே போய்ச் சொல்லிவிடுங்கள், திறக்கும் நேரத்தையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அங்கே பேச வேண்டியது அவர்கள் அலுவலகத்தில். திங்கட்கிழமை விடுமுறை. கோயிலுக்குள் போவதானால் நிர்வாகத்திடமும் பூசாரியிடமும் கேளுங்கள். எங்கள் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும், இதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். தர்கா, குருசடி (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) எதுவானாலும் இதே மரியாதைதான்.

6. நாள் பார்ப்பது

எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆகவே ஜூன், ஜூலையும் அக்டோபர், நவம்பரும் மலை ஏற நல்லதில்லை. தை, மாசியில் ஒரு ஞாயிறு நல்லது. ஆனால் காலையில் திருப்பலிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் என்றால் சனிக்கிழமை வையுங்கள். ஊர்க் கொடையும் (அம்மன், சுடலை கோயில் திருவிழா) தேவாலயப் பங்குத் திருவிழாவும் என்றைக்கு என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பொருத்தமான நாள் ஒன்றைப் பிடித்துக்கொள்ள விரும்பினால், ஏப்ரல் 18 உலக மரபு நாள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். நவம்பர் 1 எங்களுக்கு இணைப்பு நாள், எல்லைக்கு அப்பால் அதுவே கேரளப் பிறவி நாள். மழைக்காலத்தில் வரும் நாட்களில் மலையை விட்டுவிட்டு நூலகத்திலோ பள்ளியிலோ படக்காட்சி வைக்கலாம்.

7. அழைப்பு

ஒரு பக்கம் போதும். எங்கே கூடுகிறோம், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் நடை, எப்போது முடியும், என்ன கொண்டு வரவேண்டும், தொடர்புக்கு யார். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். முதல் நடைக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் மைக் இல்லாமல் பின்னால் நிற்பவருக்குக் கேட்காது. வாட்ஸாப்பில் பரப்புவது எளிது. ஆனால் மலையடிவாரத்து வீடுகளுக்கு நேரில் போய்க் கூப்பிடுங்கள். அவர்கள் இல்லாத நடை வெறும் சுற்றுலா.

8. நடக்கும் நாள்

காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். அதுமட்டுமல்ல, சாய்ந்த வெயிலில்தான் கல்லெழுத்து தெளிவாகத் தெரியும். நிழலில் இருக்கும் எழுத்தின் மேல் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துக் காட்டுங்கள். சாக்பீஸ், கரி, எண்ணெய், மஞ்சள் எதையும் கல்லில் தடவ யாரையும் விடாதீர்கள். மைப்படி எடுப்பது, அதாவது மை தடவிக் கல்லெழுத்தைக் காகிதத்தில் பதித்து எடுப்பது, துறை ஆட்களின் வேலை.

தண்ணீர், முதலுதவிப் பெட்டி, முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். இறங்கியதும் சுக்குக் காப்பி ஏற்பாடு செய்துவிட்டால் அரை மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். புதிய செய்தி வருவது பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான், நோட்டுப்புத்தகம் கையில் இருக்கட்டும்.

பேசும்போது சான்று எது என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். சிதறாலில் இப்படிப் பேசலாம்:

“குரத்திகள் பொன்னணி கொடுத்தார் என்பது கல்வெட்டில் இருக்கிறது. இங்கே சமணப் பெண் துறவிகள் இருந்தார்கள் என்று அதிலிருந்து அறிஞர்கள் கருதுகிறார்கள். சமணப் பள்ளியாக இருந்த இடம் பிறகு பகவதி கோயிலானது. இங்கே ஒரு சுரங்கப்பாதை இருந்ததாக யாராவது சொன்னால், அது ஊர்ப்பேச்சு, நாங்கள் பார்த்ததில்லை.”

ஊர்ப்பேச்சை ஒதுக்கச் சொல்லவில்லை, அதுவும் சேர்த்துவைக்க வேண்டியதுதான். கல்வெட்டுச் செய்தியும் கேள்விப்பட்ட செய்தியும் கேட்பவர் மனதில் கலந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வழியில் யாராவது பழைய காசோ சிலைத் துண்டோ கிடைத்ததாகக் காட்டினால், படம் எடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லச் சொல்லுங்கள். மண்ணுக்கடியில் கிடைக்கும் புதையலை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878 முதலே சட்டம் இருக்கிறது. தெரிவிக்காமல் வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம் என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும்.

9. நடை முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள், நினைவு மங்குவதற்கு முன், எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் கல், காகிதம், வாய்மொழி என்று குறியுங்கள். உள்ளூர்ப் பள்ளிக்கும் கிளை நூலகத்துக்கும் ஒவ்வோர் அச்சுப் பிரதி கொடுங்கள். நீங்களே எடுத்த நல்ல படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர்க் கட்டுரையில் அச்சில் வந்த சான்றோடு இரண்டு வரி சேர்க்கலாம். வாய்மொழிச் செய்தியை அங்கே ஏற்கமாட்டார்கள், அதற்குப் பள்ளியில் கொடுத்த பிரதிதான் இடம்.

அப்புறம், நடைக்கு வர முடியாதவர்களைத் தேடி நாம் போக வேண்டும். குழித்துறையில் ஆடி அமாவாசையை ஒட்டி நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சிக்கு இரண்டு மாநிலத்திலிருந்தும் செடி வாங்கக் கூட்டம் வரும். அங்கே ஒரு ஸ்டால் கிடைக்குமா என்று நகராட்சியில் கேட்டுப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு படங்கள் போதும். படத்துக்குக் கீழே வரும் விளக்கம் இரண்டு மொழியிலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும், நின்று படிக்கிறவர்களில் வயதானவர்கள் அதிகம். ஸ்டாலில் இருப்பவர் கையில் பதிவு செய்யும் போனும் ஒரு நோட்டும் இருக்க வேண்டும். “இந்தக் கல் எங்க வீட்டுப் பக்கத்திலயும் ஒண்ணு இருக்கு” என்று யாராவது சொன்னால் ஊரையும் போன் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த நடைக்கு எங்கே போவது என்று யோசிக்க அந்தப் பட்டியலைப் பார்த்தால் போதும்.