கொடுமணல் கட்டுரையில் சண்டை வந்தால்

தமிழ் விக்கிப்பீடியாவில் நீங்கள் எழுதிய வரியை ஒருவர் நீக்கிவிட்டாரா? உடனே திரும்பச் சேர்க்காதீர்கள். கட்டுரையில் செய்த மாற்றங்களெல்லாம் பதிவாகும் 'வரலாறு' பக்கத்தைத் திறந்து, அவர் எழுதியிருக்கும் தொகுப்புச் சுருக்கத்தை, அதாவது மாற்றத்துக்கான சிறு குறிப்பை, முதலில் படியுங்கள்.

நொய்யல் ஆற்றின் கரையில் உள்ள, அகழாய்வு நடந்த பழைய ஊரான கொடுமணல் பற்றி எழுதியபோது, உழவில் கல்மணிகள் கிடைத்ததாக என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) சொன்னதைச் சேர்த்தேன். நீக்கினார்கள். நெஞ்சு எரிந்தது, அப்புச்சி பொய் சொல்பவர் அல்லர். ஆனால் படிப்பவர் சரிபார்க்க முடியாத செய்தி அங்கே நிற்காது. அது நல்ல விதி என்றே இப்போது நினைக்கிறேன். நூலகத்தில் அகழாய்வு அறிக்கையைத் தேடிப் பிடியுங்கள். நூல், ஆண்டு, பக்க எண் மூன்றையும் உரையாடல் பக்கத்தில் வையுங்கள். யாரோ எழுதிய வலைப்பதிவைக் காட்டினால் வழக்கு நீளும்.

ஊரின் காலத்தைப் பற்றி இரண்டு நல்ல நூல்கள் முரண்பட்டால் நாமே தீர்ப்பெழுதக் கூடாது. யார் என்ன சொல்கிறார் என்று இரண்டையும் எழுதுங்கள். வரியைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எதிரில் இருப்பவர் பக்கத்து ஊரான சென்னிமலைக்காரராகவே இருக்கலாம்.

சில நாள் பொறுத்தும் உடன்பாடு வரவில்லையென்றால் ஆலமரத்தடிக்குக் கொண்டுபோங்கள். பொது உரையாடலுக்கான பக்கத்தின் பெயரே அங்கு அதுதான்.