ஊசியும் வழிகாட்டலும்: இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகையில் விடுகிற பிழைகள்

பொறியியல் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு வழிகாட்டிக்கொண்டே தையலும் பின்னலும் செய்கிற பெண் பொறியியலாளர்களுக்காக இதை எழுதுகிறேன். பின்னிக்கொண்டே ஒரு பிள்ளையின் பிரச்சினையைக் கேட்டுவிடலாம் என்று நினைப்பதுதான் முதற் பிழை. கைக்குப் பழகிய வேலை, காது சும்மாதானே இருக்கிறது என்று நானும் நினைத்தேன். ரொறன்ரோவில் இருக்கும் தங்கையின் குழந்தைக்குக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டிருந்த நேரம், கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பயிற்சிக்குப் போன இடத்தில் தன்னை வேலைத்தளத்துக்கு அனுப்பாமல் அலுவலகத்திலேயே இருத்தி வைக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். நான் ஊசியில் கண்ணி, அதாவது நூல் வளையங்களை, எண்ணிக்கொண்டிருந்தேன். "அக்கா, நீங்கள் வேலையா இருக்கிறியள், நான் பிறகு வாறன்" என்று எழும்பிவிட்டாள். அவள் பிறகு வந்தபோது பயிற்சி முடியப் போகிறது. அந்தத் தொப்பி ஒரு கிழமை பிந்தியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிராது.

இப்போது ஆள் நேரே வந்தால் பின்னற் பை அலுமாரிக்குள் போய்விடும். தொலைபேசியில் பேசும்போது மட்டும் எண்ணத் தேவையில்லாத வேலை எடுப்பேன்: பொத்தான் தைப்பது, விளிம்பு மடித்துத் தைப்பது, நேர்ப்பின்னல். பூவேலைப் பின்னலை அப்போது தொடவே கூடாது. பின்னலும் பிழைக்கும், பேச்சும் பிழைக்கும்.

அடுத்த பிழை பின்னுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது, ஆனால் வழிகாட்டலில் மறந்துவிடுகிறோம்: மாதிரித் துண்டு பின்னிப் பார்க்காமல் தொடங்குவது. 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி வரவேண்டிய இடத்தில் உங்கள் கைக்கு 20 வருகிறது என்று வையுங்கள். இரண்டு கண்ணிதானே என்று விட்டால், 100 சென்ரிமீற்றர் சுற்றளவுக்காகப் போட்ட 220 கண்ணியும் 110 சென்ரிமீற்றராக வந்து நிற்கும். சுவெற்றர் தோளில் தொங்கும். சிறு வழு பெருகிப் பெரிதாவதைப் பொறியியல் படித்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தை மாதம் நான் ஏழு பிள்ளைகளுக்கு ஓமென்று சொன்னேன், ஆளுக்கு மாதம் ஒரு மணித்தியாலம் என்ற கணக்கில். அந்த ஒரு மணித்தியாலத்தோடு விண்ணப்பம் வாசிப்பது, பழைய நண்பரிடம் பயிற்சியிடம் விசாரிப்பது, இரவில் வரும் குறுஞ்செய்திக்குப் பதில் போடுவது எல்லாம் சேர்ந்து ஆளுக்கு மூன்றாகியது. ஏழுக்கு இருபத்தொன்று. வேலைக்கும் போய்க்கொண்டு அவ்வளவு நேரம் என்னிடம் இல்லை. இரண்டு பிள்ளைகளை நடுவில் கைவிட்டேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது. முதலில் ஒருத்தியோடு ஒரு மாதம் நடந்து பாருங்கள், செலவாகும் நேரத்தைக் குறியுங்கள், பிறகு எத்தனை பேர் என்பதைத் தீர்மானியுங்கள்.

நாட்காட்டியை இரண்டாகப் பிரித்து வைப்பதும் பிழைதான். நல்லூர்த் திருவிழா 25 நாள். அதற்கு முந்திய வாரங்களில் அயலட்டை முழுவதும் சாறிச் சட்டைத் துணியோடு வாசலில் நிற்கும். பருத்தித் துணியென்றால் வெட்ட முதல் நனைத்துக் காயவிட வேண்டும், அதற்கே ஒரு நாள். அதே வாரத்தில் ஒரு பிள்ளைக்கு நேர்முகத்தேர்வு இருந்தால் எது தள்ளிப்போகும் என்பதை முன்கூட்டியே வீட்டாருக்கும் அயலுக்கும் சொல்லிவிடுங்கள். நான் கொடியேற்றத்துக்கு மூன்று கிழமைக்கு முன்பே தைக்கத் துணி ஏற்பதை நிறுத்திவிடுவேன்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, கையிலிருந்து பறித்து நாமே தைத்துக் கொடுப்பது. தையல் பழக்குகிறவருக்கு இந்த ஆசை அடிக்கடி வரும். சட்டையின் கை வளைவு இழுக்கிறது, பிள்ளை இரண்டு தரம் பிரித்துவிட்டாள், "கொண்டா இஞ்ச" என்று வாங்கி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். சட்டை சரியாக வரும், பிள்ளைக்குக் கை வளைவு வராது. வழிகாட்டலில் இது இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் உதவி போலவே தெரியும். ஒருத்தியின் சுயவிபரக் கோவையை நான் முழுக்கத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். நேர்முகத்தேர்வில் அதிலிருந்த ஒரு வரியை விளக்கச் சொன்னார்கள். அது என்னுடைய வரி, அவளால் விளக்க முடியவில்லை. இப்போது பிழையான இடத்தில் பென்சிலால் கோடு மட்டும் போடுகிறேன். பிரிப்பதும் திரும்பத் தைப்பதும் அவள் கைதான். நேரம் கூடப் போகும், அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

பிறகு, தையலை மறைப்பது. சில பெண் பொறியியலாளர்கள் மெசினை அறைக்குள் தள்ளிவிட்டுத்தான் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். காரணம் எனக்கு விளங்குகிறது. போருக்குப் பிறகு இங்கே ஒரு பெண்ணுக்கு உதவி என்றாலே தையல் மெசின்தான் என்றிருந்தது. "பொம்பிளைப் பிள்ளைக்குத் தைக்கத் தெரிஞ்சாக் காணும்" என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் உண்டு. ஒரு தாய் என்னிடம் அப்படிச் சொன்னபோது, இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் பிரேமளா சிவசேகரம் ஒரு தமிழ்ப் பெண் என்று சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி. அந்த நேரம் என் மெசின் பக்கத்தில் திறந்தேதான் இருந்தது. மறைத்தால், பொறியியலுக்கு வருகிறவள் கைவேலையை விட்டுவிட வேண்டும் என்றுதான் பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

மறுபக்கம், தையலும் பொறியியலும் ஒன்றுதான் என்று இனிப்பாகச் சொல்லவும் வேண்டாம். நிலவுக்குப் போன அப்பலோ விண்கலக் கணினியின் நிலைநினைவகத்தை, அதாவது மாறாத கட்டளைகளைச் சேமித்து வைக்கும் பகுதியை, தொழிற்சாலைப் பெண்கள்தான் கையால் கோத்தார்கள். கம்பி காந்த வளையத்துக்கு உள்ளால் போனால் 1, வெளியால் போனால் 0. அந்தக் கைத்திறன் இல்லாமல் கணினி இல்லை. ஆனாலும் அவர்களை யாரும் பொறியியலாளர் என்று அழைக்கவில்லை. திறமை ஒன்று, பதவியும் சம்பளமும் வேறு. இந்த இரண்டாவதைப் பற்றியும் பிள்ளைகளோடு மனம்விட்டுப் பேச வேண்டும்.

கடைசியாக ஒரு சின்னப் பிழை: வரிசையின் நடுவில் ஊசியை வைத்துவிட்டு எழும்புவது. கண்ணி நழுவும், எந்த வரிசை என்றும் மறந்துபோகும். பிள்ளைகளோடான சந்திப்பும் அப்படித்தான். என் பின்னற் பைக்குள் ஒரே கொப்பிதான். இடப்பக்கம் வரிசை எண். வலப்பக்கம் இந்தக் கிழமை: "வேலைத்தளத்துக்கு விடச் சொல்லி மேற்பார்வையாளருக்கு அவளே கடிதம் எழுத வேண்டும். வியாழன் பின்னேரம் கேட்க."