60 லிட்டர் சிலிண்டரில் எத்தனை கிலோ சிஎன்ஜி? கையாலேயே போட்டுப் பார்க்கலாம்

கிருஷ்ணகிரி பைபாஸில் சிஎன்ஜி அடிக்கும்போது ஒரு டிரைவர் அண்ணன் கேட்டார்: "காலையில் 10 கிலோவுக்கு மேல பிடிக்குது, மத்தியானம் 9 கிலோவுல நின்னுடுது, ஏன் தம்பி?" இதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம், ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

முதலில் கலவை. உதாரணத்துக்கு மீத்தேன் 90, ஈத்தேன் 6, புரொப்பேன் 2, நைட்ரஜன் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இது மோல் சதவீதம் (மூலக்கூறுகளின் எண்ணிக்கைப்படி), எடைச் சதவீதம் இல்லை; சறுக்கும் இடமே இதுதான். 0.90 × 16.04, 0.06 × 30.07, 0.02 × 44.10, 0.02 × 28.01 எல்லாம் கூட்டினால் கலவையின் மோலார் நிறை (ஒரு மோலின் எடை) 17.68 கிராம்.

நிலைமாறு வெப்பநிலைக்கும் (இதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது) அதே பங்குகள்தான்: 190.6, 305.3, 369.8, 126.2 கெல்வினைப் பெருக்கிக் கூட்டினால் 199.8. நிலைமாறு அழுத்தம் 46, 48.7, 42.5, 34 பார், விடை 45.9. இப்படிப் பங்குப்படி சராசரி எடுப்பதுதான் 1936-ல் வந்த கே விதி. கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதிகம் இருந்தால் விதி தடுமாறும், அப்போது விச்சர்ட்-அசீஸ் திருத்தம் போட வேண்டும்.

சரி, காலை 30 டிகிரி, 200 பார். 303.15-ஐ 199.8-ஆல் வகுத்தால் 1.52, 200-ஐ 45.9-ஆல் வகுத்தால் 4.36. இந்த இரண்டு எண்ணையும் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டிங்-காட்ஸ் வரைபடத்தில் (1942-ல் வந்தது, இன்றும் கைக்கணக்குக்கு இதை விட நல்ல துணை எனக்குத் தெரியாது) வெப்பநிலை விகிதம் 1.5 கோட்டுக்குக் கொஞ்சம் மேலே பென்சிலை வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தினால் இசட் மதிப்பு (இலட்சிய வாயுவிலிருந்து நிஜ வாயு எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் எண்) 0.8 ஒட்டி வரும்.

அழுத்தத்தை மோலார் நிறையால் பெருக்கி, இசட், 8.314 (வாயு மாறிலி), கெல்வினில் வெப்பநிலை மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். பாஸ்கலும் கிலோகிராமும் போட்டால் அடர்த்தி கன மீட்டருக்கு 175 கிலோ. 60 லிட்டரில் 10.5 கிலோ. இசட்டை மறந்து 1 என்று போட்டிருந்தால் 8.4 தான் வந்திருக்கும், அந்த 2 கிலோ வித்தியாசம் சின்னதா என்ன?

மத்தியானம்? தர்மபுரி வெயில் ஒரு பக்கம், நிரப்பும்போதே சிலிண்டருக்குள் வாயு சூடாவது இன்னொரு பக்கம். 50 டிகிரி வைத்தால் இசட் 0.85, அடர்த்தி 155, கையில் 9.3 கிலோ. அண்ணன் சொன்னது அப்படியே சரி.

அப்புறம், கேஜ் (அழுத்தமானி) காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம்தான். 200 பாரில் விட்டுவிட்டாலும் பெரிதாகத் தெரியாது, வீட்டு பைப் கேஸுக்கு விட்டால் கணக்கே போச்சு. அங்கே வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கூட்டியே ஆக வேண்டும், அதுவும் ஓசூர் உயரத்தில் 1 பார் இல்லை, சுமார் 0.9.