அலியா டைசனா? உச்சக்காலச் சம்பியன்களை மோதவிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாங்குளம் சந்தித் தேத்தண்ணிக் கடையிலோ கிளிநொச்சியில் ஒரு சலூனிலோ குத்துச்சண்டைக் கதை தொடங்கினால், அது கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: உச்சத்தில் இருந்த முகமது அலியும் உச்சத்தில் இருந்த மைக் டைசனும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்? வயதானவர்கள் அலி என்பார்கள். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979 இல். அலியின் நல்ல காலத்தை அவர்கள் பேப்பரிலும் வானொலியிலும்தான் பின்தொடர்ந்தார்கள். பிறகு போர்க்காலத்தில் வன்னியில் ஆண்டுக்கணக்காக மின்சாரமே இல்லை. இப்போதைய பொடியன்கள் கைபேசியில் டைசனின் துண்டு வீடியோக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒருவர் கேள்விப்பட்டதை வைத்தும் மற்றவர் அரை நிமிடக் காட்சியை வைத்தும் வாதாடினால் சத்தம்தான் மிஞ்சும். எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

எல்லாத் தவறுக்கும் தாய், தேதி சொல்லாமல் ஆளை இறக்குவது. அலி என்றால் எந்த அலி? 1964 இல் சொனி லிஸ்டனை வென்ற 22 வயதுக்காரரா, 1974 இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்று ஜோர்ஜ் போர்மனின் அடிகளைத் தாங்கி, 8ஆம் சுற்றில் அவரை விழுத்தியவரா? இரண்டு பேருக்கும் கால் வேகத்தில் பெரிய வித்தியாசம். இடையில், இராணுவத்தில் சேர மறுத்ததற்காக 1967 தொடக்கம் 1970 வரை அவரைச் சண்டைக்கே விடவில்லை. 25 வயதிலிருந்து 28 வயது வரை போன அந்தக் காலம் திரும்பக் கிடைக்கவில்லை.

தேதி இல்லாவிட்டால் முதுமையில் வாங்கிய தோல்வியும் சாட்சிக்கு வந்துவிடும். 1951 இல் ரொக்கி மார்சியானோ விழுத்தியது 37 வயது ஜோ லூயிஸை. 1980 இல் லரி ஹோம்ஸ் வென்றது 38 வயது அலியை. 1988 ஜனவரியில் அதே ஹோம்ஸ் தன் 38ஆவது வயதில் டைசனிடம் 4ஆம் சுற்றில் விழுந்தார். 2002 இல் லெனொக்ஸ் லூயிஸிடம் விழுந்த டைசனும் பழைய டைசன் இல்லை. இந்த நான்கு முடிவுகளையும் உச்சக்கால வாதத்துக்குள் கொண்டுவரவே கூடாது.

சரி, தேதி குறித்தாயிற்று என்று வைப்போம். அலிக்குப் பலரும் சொல்வது 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை 3ஆம் சுற்றில் முடித்த இரவு. டைசனுக்கு, 1988 ஜூனில் மைக்கல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் படுக்கவைத்த இரவு. இரண்டும் பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சிகள்தான். ஆனால் எதிரே நின்றவர் யார் என்று கேட்காமல் விடுவது அடுத்த பிழை. வில்லியம்ஸ் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொலிஸ்காரர் ஒருவரின் துப்பாக்கிச் சூட்டில் சிறுநீரகம் ஒன்றை இழந்தவர். ஸ்பிங்ஸ் அடிப்படையில் லைட் ஹெவிவெயிட் (ஹெவிவெயிட்டை விடக் குறைந்த எடைப் பிரிவு) வீரர், எடை கூட்டி மேலே வந்தவர். அந்த இரவுகளில் இரண்டு சம்பியன்களையும் சோதிக்க ஆள் இருக்கவில்லை.

சோதனை நடந்த சண்டைகளைப் பாருங்கள். 1987 மார்ச்சில் ஜேம்ஸ் ஸ்மித், ஓகஸ்டில் டோனி டக்கர், இரண்டு பேருமே உயரமானவர்கள், இரண்டு பேருமே டைசனுடன் 12 சுற்றும் நின்றார்கள். ஸ்மித்தின் சண்டையைக் கவனித்தால் விஷயம் தெரியும்: டைசன் குனிந்து உள்ளே புகுந்ததும் அவர் இரண்டு கைகளையும் சுற்றிக் கட்டிக்கொண்டு, நடுவர் வந்து பிரிக்கும் வரை விடவில்லை. பார்ப்பதற்கு அழகில்லை. ஆனால் கிட்ட நின்று பிடிப்பவரிடம் டைசனின் கொம்பினேஷன் (அடுக்கடுக்காக விடும் குத்துகள்) எடுபடவில்லை. எதிராளியின் பிடரியில் கையைப் போட்டுத் தலையை அமுக்கிப் பிடிப்பதில் அலி கெட்டிக்காரர். 1974 ஜனவரியில் ஜோ பிரேசியரை அப்படித்தான் அடக்கினார். மறுபக்கம், அலி கைகளைத் தாழ்த்திவைத்துத் தலையை நேர் பின்னே இழுத்துத் தப்புகிறவர். 1963 இல் லண்டனில் ஹென்றி கூப்பரின் இடது ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) அவரை விழுத்தியது. 1971 இல் 15ஆம் சுற்றில் பிரேசியரின் இடது ஹூக்கும் விழுத்தியது. டைசனின் சிறந்த அடிகளில் ஒன்றும் அதுவே. ஆக, முதல் நான்கு சுற்று டைசனுடையது, அதைத் தாண்டினால் அலியுடையது என்பது என் கணிப்பு. அலி இரண்டு முறையும் எழும்பி நின்றார் என்பதால் நான் அலி பக்கம்.

அடுத்தது, ‘அவன் இவனை அடித்தான், இவன் அவனை அடித்தான்’ என்ற சங்கிலிக் கணக்கு. 1971 இல் பிரேசியர் அலியை வென்றார். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் போர்மன் பிரேசியரை இரண்டே சுற்றில் ஆறு தடவை விழுத்தினார். அதே ஆண்டு மார்ச்சில் கென் நோர்ட்டன் அலியின் தாடையை உடைத்து வென்றார். அடுத்த மார்ச்சில் போர்மன் நோர்ட்டனையும் இரண்டு சுற்றில் முடித்தார். கணக்குப்படி கின்ஷாசாவில் போர்மன் முன்னால் அலிக்கு இடமே இல்லை. நடந்தது வேறு. நம்முடைய ஊர்க் கழகங்களின் வொலிபோல் சுற்றுப்போட்டி பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஒரு கழகத்துக்கு இன்னொரு கழகம் எப்போதும் ஒவ்வாது. சண்டையிலும் யாருடைய முறை யாருக்கு ஒவ்வாது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உடம்பின் அளவைப் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். மார்சியானோ ஏறத்தாழ 84 கிலோ. இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டே இல்லை, அதற்குக் கீழான குரூசர்வெயிட் பிரிவு. அவரை 6 அடி 9 அங்குலப் பிரித்தானிய ஹெவிவெயிட் வீரர் டைசன் பியூரி முன்னால் நிறுத்திவிட்டு ‘மனத்துணிவு’ என்று மட்டும் பேசுவது அவருக்கே நியாயமில்லை. அதற்காகப் பெரியவன்தான் வெல்வான் என்றும் இல்லை. 2024 இல் ரியாத்தில், பியூரியை விட அரை அடி குறைந்த ஒலெக்சாண்டர் உசிக் இரண்டு முறை அவரை வென்றார்.

எத்தனை சுற்று என்று கேட்காமல் விடுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். இல்லை. 1952 செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வோல்கொட்டுடன் மோதியபோது மூன்று நடுவர்களின் புள்ளியிலும் மார்சியானோ பின்தங்கியிருந்தார். 13ஆம் சுற்றில் ஒரு வலது கை. வோல்கொட் கயிற்றில் கையைத் தொங்கவிட்டபடி சரிந்தார், பட்டம் மாறியது. இன்றுபோல 12 சுற்று என்றால் அந்த இரவே மார்சியானோ தோற்றிருப்பார், 49 வெற்றி, தோல்வியே இல்லை (49–0) என்ற கணக்கே இருந்திருக்காது. ஒரு மோதலைக் கணிப்பதற்கு முன் 12 சுற்றா 15 சுற்றா என்று முடிவுசெய்யாவிட்டால் பாதிக் கணிப்பு வீண்.

‘கம்ப்யூட்டரிடம் கேட்போம்’ என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1969 இல் அலியையும் ஓய்வுபெற்ற மார்சியானோவையும் வைத்துப் பல முடிவுகளோடு படம் பிடித்து, கம்ப்யூட்டர் சொன்ன தீர்ப்பு என்று 1970 ஜனவரியில் திரையிட்டார்கள். அமெரிக்காவில் மார்சியானோ 13ஆம் சுற்றில் வென்றார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி வென்றார். கம்ப்யூட்டருக்குத் தரவை ஊட்டுகிறவர் யாரோ, முடிவும் அவருடையதே.

இன்னொரு குறை, எப்போதும் அதே இரண்டு பெயர்கள். 1937 தொடக்கம் 1949 வரை 25 தடவை பட்டத்தைக் காப்பாற்றிய ஜோ லூயிஸைப் பற்றி நம் பக்கம் யாரும் கதைப்பதே குறைவு. ஹோம்ஸ் அதைவிடக் குறைவு. 1978 ஜூனில் நோர்ட்டனுடன் 15 சுற்றும் நின்று பட்டம் வென்ற ஹோம்ஸின் இடது ஜப்பை (முன்கையால் விடும் நேர்க்குத்து) முழுச் சண்டையாகப் பாருங்கள், கடைசிச் சுற்றைத் தவறவிடாமல். அந்த ஹோம்ஸையும் 1988 டைசனையும் 15 சுற்றுக்கு இறக்கினால் யார் என்று என்னால் இன்னும் அடித்துச் சொல்ல முடியவில்லை.