மாசமா இருக்கற பொண்ணுகிட்ட குடிய பத்தி எப்படி கேக்கறது

புதுசா ஆஷா (ஊர் சுகாதாரப் பணியாளர்) வேலைக்கும் ஏஎன்எம் (கிராம நர்ஸ்) வேலைக்கும் வந்திருக்கற தங்கச்சிங்களுக்காக இத எழுதறேன், அதுவும் புதுச்சேரியில பாகூர், கன்னியக்கோயில், சோரியாங்குப்பம் பக்கம் வீடு வீடா போறவங்களுக்கு. நம்ம பக்கம் சாராயக்கடை, கள்ளுக்கடை, பிராந்திக்கடை மூணுமே லைசென்சோட நடக்குது. கடலூர் பக்கம் 1987லயே கள்ளுக்குத் தடை வந்துடுச்சு, ஆனா எல்லைய தாண்டினா நம்ம ஊரு தான, அவங்களும் இங்கதான் வராங்க. இவ்ளோ இருந்தும் மாசமா இருக்கறவங்ககிட்ட இரும்பு மாத்திரைய பத்தி கேக்கறோம், ஸ்கேன பத்தி கேக்கறோம், இத மட்டும் கேக்க வாய் வரமாட்டேங்குது. அத எப்படி கேக்கறதுன்னுதான் சொல்லப் போறேன்.

மொதல்ல ஒண்ணு, எல்லார்கிட்டயும் கேளுங்க. மூஞ்சிய பாத்து, தெருவ பாத்து, செய்யற வேலைய பாத்து ஆள் பிரிக்காதீங்க. ஒரு தெருவுல மட்டும் கேட்டா அந்த தெரு பொம்பளைங்கள அவமானப்படுத்தறோம்னு அர்த்தம், அதோட சனி ஞாயிறுல வீட்டுக்காரரோட ஒயின் சாப்புடற டீச்சரம்மாவயும் ஐடி பொண்ணயும் விட்டுடுவோம். உலக சுகாதார நிறுவனமும் 2014ல அததான் சொல்லியிருக்கு, கர்ப்பமா இருக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும், எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம், ஒவ்வொரு செக்கப்புலயும் கேக்கணும்னு.

தனியா இருக்கும்போதுதான் கேக்கணும். மாமியார் பக்கத்துல இருந்தா "இல்லக்கா"ன்ற ஒரே பதில்தான் வரும். "அத்தை, குடிக்க ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்களேன்"னு அனுப்பிட்டு கேளுங்க, இல்லன்னா சென்டர்ல எடை பாக்கற எடத்துல வச்சு கேளுங்க, அங்க யாரும் கூட வரமாட்டாங்க.

இப்ப கேள்விக்கு வரேன், இதுலதான் எல்லாமே இருக்கு. "நீ குடிப்பியா"ன்னு கேட்டா முடிஞ்சுது, அது போலீஸ்காரன் கேக்கற கேள்வி. கீரை, முட்டை, டீ எத்தன தடவன்னு சாப்பாட்டுல ஆரம்பிங்க, அப்புறம் அதே கொரல்ல, "உண்டாகறதுக்கு முன்னாடி, ஒடம்பு வலிக்கோ சளிக்கோ விசேஷத்துலயோ கள்ளு, பீர், பிராந்தி எதனா சாப்புட்டிருக்கியாம்மா? கடைசியா எப்போ?"ன்னு கேளுங்க. முன்னாடிய பத்தி கேட்டா சொல்றது சுலபம், நமக்கும் அது முக்கியம், ஏன்னா நாள் தள்ளி டெஸ்ட் பண்ணி தெரியறதுக்குள்ள ஒரு மாசம் போயிடுது. ஒவ்வொண்ணயும் பேர் சொல்லி கேக்கணும். கள்ளு குளிர்ச்சி, பிராந்தி மருந்து, பீர்ல ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கினு இருக்கறவங்க நெறைய பேரு, "சரக்கு"ன்னு கேட்டா மனசார இல்லன்னுதான் சொல்லுவாங்க, அவங்க பொய் சொல்லல.

அளவு கேக்கறப்ப கிளாஸ் கணக்கு வேணாம், பாட்டில் கணக்கு கேளுங்க. 30 மில்லி பிராந்தியில சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கு, அப்ப ஒரு குவாட்டர்ல, அதாவது 180 மில்லியில, 60 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம்னா, 40 கிராம் வந்துடும், அதாவது குவாட்டர்ல மூணுல ரெண்டு பங்கு.

அவ ஆமான்னு சொன்னா திட்டாதீங்க, தயவுசெஞ்சு திட்டாதீங்க. வேலைக்கு வந்த புதுசுல நான் ஒரு பொண்ண திட்டிட்டேன், "வயித்துல புள்ளய வச்சுக்கினு இப்படி பண்றியே"ன்னு. அதுக்கப்புறம் அவ செக்கப்புக்கே வரல, வலி எடுத்தப்பறம்தான் பாத்தோம். அத நெனச்சா இன்னும் மனசு கெடந்து அடிச்சுக்குது.

திட்டறதுக்கு பதிலா வெவரத்த சொல்லுங்க. அம்மா ரத்தத்துல இருக்கற ஆல்கஹால் நஞ்சுக்கொடி வழியா அப்படியே புள்ளைக்கு போகுது, அத கரைக்கற அளவுக்கு புள்ளையோட ஈரல் இன்னும் வளரல. மொத ரெண்டு மூணு மாசத்துல மொகம், இதயம் உருவாகுது, மூளை மட்டும் ஒம்போது மாசமும் வளந்துக்கினே இருக்கும், அதனால இந்த மாசத்துல குடிச்சா பரவால்லன்னு ஒரு மாசமும் கெடயாது, இவ்ளோ வரைக்கும் பரவால்லன்னு ஒரு அளவும் கெடயாது. பாதிச்ச புள்ளைங்கள்ல கொஞ்சம் பேருக்குத்தான் மொகத்துல தெரியும், மத்தவங்க ஸ்கூல் போனப்பறம்தான் கணக்கு வரல, ஒரு எடத்துல ஒக்கார முடியல, சொன்னது ஞாபகம் இல்லன்னு தெரியவரும், அப்ப எல்லாரும் புள்ளயதான் அடிப்பாங்க.

"பிரெஞ்சுக்காரங்க எல்லாம் ஒயின் குடிச்சுக்கினேதான் பெத்தாங்க"ன்னு நம்ம ஊர்ல யாராவது சொல்லுவாங்க. 1968லயே பிரான்ஸ்ல நான்த் ஊர்ல லெமுவான்ற டாக்டர் குடிச்ச பெத்தவங்களோட 127 புள்ளைங்கள பாத்து எழுதி வச்சார்னு சொல்லுங்க. 2007ல இருந்து அங்க கர்ப்பிணிக்கான எச்சரிக்கையோ படமோ இல்லாம பாட்டில் விக்கக்கூடாது. கள்ளு குளிர்ச்சின்னு சொல்றவங்களுக்கு, பானையில சுண்ணாம்பு தடவி எறக்கின, புளிக்காத பதநீ இருக்கேன்னு சொல்லுங்க.

தெரியாம குடிச்சுட்டு பயந்துபோய், கலைச்சிடணுமான்னு கேக்கறவங்களும் உண்டு. பயமுறுத்தாதீங்க, இன்னியோட நிறுத்தினாலும் புள்ளைக்கு நல்லதுதான், டாக்டர்கிட்ட சொல்லிடலாம், நான் கூட வரேன்னு சொல்லுங்க.

தெனமும் குடிக்கறவங்க விஷயம் வேற. காலையில கை நடுங்குதா, குடிக்கலன்னா வேர்க்குதா, தூக்கம் வரலையான்னு கேளுங்க. ஆமான்னா "இன்னியோட விட்டுடு"ன்னு வீட்டுல விட்டுட்டு வராதீங்க, திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், தாய்க்கும் புள்ளைக்கும் ஆபத்து. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போங்க, அட்மிஷன்ல வச்சு டாக்டர் பாத்து நிறுத்தணும். வலிப்போ பினாத்தலோ வந்தா 108. சாப்பாட்டுல கலந்து குடுக்கற குடி மறக்க மருந்து, விளம்பரத்துல வர மாத்திரை எதுவும் வேணவே வேணாம்.

அவ செக்கப் கார்டுல இத பெருசா எழுதாதீங்க, அத வீட்டுல எல்லாரும் படிப்பாங்க. டாக்டர்கிட்ட நேரா சொல்லுங்க.

புருஷன்கிட்ட பேசறதும் நம்ம வேலைதான். பாதி வீட்டுல ஊத்திக் குடுக்கறதே அவருதான். அவ சம்மதிச்சா மட்டும் பேசுங்க, "அண்ணே, புள்ள பொறக்கற வரைக்கும் வீட்டுக்குள்ள பாட்டில் வேணாம்"னு ஒரே வார்த்தையா கேளுங்க, நெறைய பேரு கேக்கறாங்க. அவ அடி தாங்காம குடிக்கறான்னு தெரிஞ்சா பெண்கள் உதவி நம்பர் 181, மனசு சரியில்லன்னா அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் டெலிமானஸ் 14416, தமிழ்லயே பேசுவாங்க. பிரசவம் ஆனப்பறம் காய மருந்தோட பிராந்தி குடுக்கற பழக்கத்தயும் முன்னாடியே மாமியார்கிட்ட பேசிடுங்க, ரத்தத்துல இருக்கற அதே அளவு தாய்ப்பால்லயும் வந்துடும்.

மொத தடவ இல்லன்னு சொன்னாலும் அடுத்த தடவயும் அதே கொரல்ல கேளுங்க. போன வருஷம் ஒரு பொண்ணு ரெண்டு தடவ தலையாட்டிட்டு, மூணாவது தடவ நான் பிபி கட்டிக்கினு இருக்கும்போது மெதுவா சொன்னா, "அக்கா, அன்னிக்கு கேட்டீங்களே, அது இருக்குது"ன்னு.