ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டுக்கு: தூரமும் நேரமும்

ரொறன்ரோவிலிருந்து கொழும்பு வான்வழியே ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லாததால் வளைகுடா நாடொன்றிலோ லண்டனிலோ மாறவேண்டும். டுபாய் வரை 13 மணித்தியாலம், காத்திருப்பு 3, அங்கிருந்து கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்காவுக்கு நாலரை. விடுமுறைக்குப் போகிறவருக்கு இந்தக் கணக்குப் போதும். தாயோ தகப்பனோ கண்மூடிய செய்தி கேட்டுப் புறப்படுகிறவரிடம் ஊர் கேட்பது, படலையைத் திறக்கப்போகும் நேரத்தை.

குளிர்காலத்தில் இலங்கை நேரம் ரொறன்ரோவைவிடப் பத்தரை மணித்தியாலம் முந்தியது, கோடையில் ஒன்பதரை. திங்கள் இரவு 10 மணிக்கு ஏறினால் கட்டுநாயக்காவில் இறங்கும்போது புதன் அதிகாலை 5 மணி. குடிவரவும் பொதியும் முடிந்து, புத்தளம், அநுராதபுரம் வழியாகப் போய், யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில் ஏறி, வவுனியா ஊடாக மொத்தம் ஏழு மணித்தியாலமாவது ஓடவேண்டும். ஆகவே எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் பிற்பகலாகிவிடும்.

அப்பா காலமானபோது பெரியப்பா தொலைபேசியில் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்: "தம்பி, எத்தினை மணிக்கு வாசலிலை நிப்பாய்? நேரத்தைச் சொல்லு, அறிவித்தல் போடவேணும்." மூத்த மகன்தான் கொள்ளி வைக்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். விமானம் பிந்தினால் என்ன செய்வது என்ற என் கேள்விக்குப் பதில் வரவில்லை; புதன் பிற்பகல் 3 மணி என்று பத்திரிகையில் வந்துவிட்டது. ரொறன்ரோவில் பனி கொட்டியது, டுபாயில் தொடர் விமானம் போய்விட்டது, கட்டுநாயக்காவில் இறங்கியபோது மதியம் கடந்திருந்தது. அநுராதபுரத்தை அண்மித்தபோது, ஐயருக்கு வேறோர் இடத்தில் கிரியை இருக்கிறது என்று அழைப்பு வந்தது. வவுனியாவில், பொழுதுபட முன் மயானம் போயாகவேண்டும் என்றார்கள். நான் ஆனையிறவைத் தாண்டும்போது சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்து முடித்திருந்தான். பந்தலுக்குள் நுழைந்ததும், எல்லோருக்கும் முன்னால், ஏன் பிந்தினாய் என்றுதான் பெரியப்பா கேட்டார். அம்மா பேசாமல் இருந்தார். அந்தக் கேள்விக்குள் நான் ஊரைவிட்டுப் போயிருந்த காலம் முழுவதும் அடங்கியிருந்தது. அப்பாவை அவ்வளவு காலமும் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிச் சென்றவர் பெரியப்பாதான். ஆயினும், பனிப்பொழிவுக்கு ஒரு மகனைச் சபையில் நிறுத்திக் கணக்குக் கேட்பது கொடுமை.

ஆகவே மாறும் விமான நிலையத்தில் இரண்டாவது விமானத்தில் ஏறி அமரும்வரை எவருக்கும் மணிக்கணக்குச் சொல்லாதீர்கள். எவ்வளவு நெருக்கினாலும், கணக்கில் வருவதற்கு மறுநாளையே சொல்லுங்கள். கொழும்பு வரை ஒரே பயணச்சீட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் பிந்துவதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. கொழும்புக்குப் பதிலாகச் சென்னை வழியாகவும் போகலாம்: அங்கிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலி ஏறத்தாழ 350 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான பறப்பு. கட்டுநாயக்காவிலிருந்து வரும் நீண்ட வீதிப் பயணம் மிச்சமாகும். ஆனால் தனிச் சீட்டில் சென்னையில் இறங்கி ஏறுவதற்குக் கனடியக் கடவுச்சீட்டுக்காரருக்கு இந்திய விசா வேண்டும், துக்கச் செய்தி வந்தபின் அதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்க நேரம் இராது. வயதான பெற்றோர் ஊரில் இருப்பவர்கள் அதை முன்பே எடுத்து வைத்திருக்கலாம்.

எப்படியும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாதென்றால், அதை முதல் அழைப்பிலேயே சொல்லி, கொள்ளி வைக்க ஊரில் உள்ள ஒருவரை ஒழுங்குசெய்துவிட்டு, 31ஆம் நாள் அந்தியேட்டிக்குச் சீட்டு எடுங்கள். கீரிமலைக் கடற்கரையில் நடக்கும் அந்தக் கிரியைக்குக் காலையிலேயே நிற்கவேண்டியிருப்பதால், இரண்டு நாளாவது முன்னதாக ஊரில் இருக்கும்படி புறப்படுங்கள்.